எத்தனையாவது குடத்தில் நோய் தொடங்குகிறது?

பென்னாகரத்திலிருந்து ஏரியூர் போகும் பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடந்தால் எங்கள் ஊர். பதினைந்து ஆண்டுகளுக்கு முன்புவரை அங்கே எல்லாவற்றுக்கும் குடக் கணக்குதான். விருந்தாளி வந்தால் இரண்டு குடம் கூடும். பிள்ளை பெற்ற வீட்டுக்கு நான்கு கூடும். சாவு வீட்டுக்கு ஊரே ஆளுக்கொரு குடம் கொண்டுபோய் ஊற்றும். அடிபம்பு ஊர்க்கோடியில் புளியமரத்தடியில் இருந்தது. வெயில் காலத்தில் நாற்பது முறை அடித்தால்தான் முதல் சொட்டு எட்டிப் பார்க்கும். எங்கள் வீட்டில் ஐந்து பேருக்கு ஒரு நாளைக்கு எட்டுக் குடம் போதும். 2010ஆம் ஆண்டுக் கோடையில் அது பதினைந்தானது. கூடிய ஏழும் அக்காவின் இரண்டு கைகளுக்கு.

இதை எழுதலாமா என்று அக்காவிடம் கேட்டேன். “எழுது. என் பெயரைப் போடாதே. கையைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுதிக்கொள்” என்றாள்.

ஆகவே கையிலிருந்தே தொடங்குகிறேன். மணிக்கட்டுக்கு மேலே எங்கள் எல்லோரையும் போல நல்ல கறுப்பு. கீழே வெளுத்துச் சுருங்கி, உறை மாட்டியதுபோல ஒரு கோடு தெரியும். விரலிடுக்குகளில் தோல் ஊறி வெள்ளையாக உரிந்திருக்கும். உள்ளங்கை ரேகைகளில் வெடிப்பு. மிளகாய் அரைக்கும் நாளில் அதிலிருந்து ரத்தம் கசியும். ஒரு கட்டி சோப்பு மூன்று நாள் தாங்காது. கழுவுவதற்கு ஒரு முறை இருந்தது: ஒவ்வொரு விரலாக ஏழு தடவை, பிறகு முழங்கைவரை, பிறகு மறுபடி விரல்கள். நடுவில் யாராவது கூப்பிட்டால், ஒரு கோழி புடவையில் உரசிவிட்டால், கணக்கு கலைந்துவிடும். மறுபடி முதல் விரல்.

ஊரில் இதற்கு நோய் என்று பெயரில்லை. ‘சுத்தக்காரி’ என்றுதான் பெயர். அவள் துலக்கிய பாத்திரத்தில் முகம் பார்க்கலாம் என்பார்கள். பெண் பார்க்க வந்தவர்களிடம் பக்கத்து வீட்டு அத்தை அதைத்தான் முதலில் எடுத்துச் சொன்னார். பெங்களூரில் குழாய் திறந்தால் கொட்டும் ஒரு வீட்டில் நாங்கள் இருந்திருந்தால் இன்னும் பத்தாண்டுக்கு அந்தப் பெயரோடேயே அவள் வாழ்ந்திருப்பாள் என்று எனக்கு அடிக்கடி தோன்றும். தண்ணீர் இல்லாத ஊர் என்பதால்தான் மாட்டிக்கொண்டாள். சைக்கிளில் குடம் கட்டிக்கொண்டு நான் நான்காவது நடை போனபோதுதான், “உங்கள் வீட்டில் என்ன விசேஷம்?” என்று ஊர் கேட்க ஆரம்பித்தது.

அப்போது நான் பி.எட். படித்துக்கொண்டிருந்தேன். உளவியல் தாளில் ‘இயல்புக்கு மாறான நடத்தை என்றால் என்ன?’ என்று ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்று உண்டு. பெரும்பான்மையோருக்கு மாறாக நடப்பது, துன்பம் தருவது, அன்றாடத்தை முடக்குவது, ஆபத்தாக முடிவது என்று நான்கை எழுதினால் ஐந்துக்கு ஐந்து. நானும் வாங்கியிருக்கிறேன். ஆனால் நான்கையும் தனித்தனியாக எடுத்து ஊருக்குள் நடக்கவிட்டுப் பாருங்கள், ஒவ்வொன்றும் தடுக்கி விழும். பெரும்பான்மைக்கு மாறானவர் என்றால் எங்கள் ஊரில் தினமும் செய்தித்தாள் படிக்கிறவர். துன்பம் என்றால் பெண்டாட்டியைப் பறிகொடுத்து ஆறு மாதமாகத் திண்ணையை விட்டு இறங்காத பெரியப்பா. ஆபத்து என்றால் ஒகேனக்கல்லில் பாறை உச்சியிலிருந்து சுற்றுலாக்காரர்கள் கொடுக்கும் காசுக்காக ஆற்றில் குதிக்கும் பையன்கள். இவர்களில் யாருக்கு மனநோய்?

உளவியலாளர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். அதனால்தான் ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம்கூடச் சுற்றிவளைத்துத்தான் சொல்கிறது: சிந்தனை, மனநிலை, புலனுணர்வு, திசையறிவு, நினைவாற்றல் ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க கோளாறு ஏற்பட்டு, அது ஒருவருடைய தீர்மானத்தையோ நடத்தையையோ உண்மையை உணரும் திறனையோ வாழ்க்கையின் சாதாரணத் தேவைகளைச் சமாளிக்கும் ஆற்றலையோ கடுமையாகக் குலைக்க வேண்டும். ‘கடுமையாக’ என்ற சொல்லில்தான் எல்லாச் சிக்கலும். அதை எந்தக் குடத்தால் அளப்பது?

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1952இல் ஒரு நோய்ப் பட்டியல் புத்தகம் போட்டது. 1980இல் வந்த அதன் மூன்றாம் பதிப்புதான் உலகத்தை மாற்றியது. ஏன் வந்தது என்ற வாதத்தை ஓரமாக வைத்துவிட்டு, என்னென்ன அறிகுறி, எத்தனை, எவ்வளவு காலம் என்று எண்ணச் சொன்னது. அக்காவுக்கு இருந்த நோயை இங்கே மருத்துவர்கள் ‘எண்ணச் சுழற்சி நோய்’ என்கிறார்கள். வேண்டாத ஓர் எண்ணம் மறுபடி மறுபடி வந்து அறையும். அதை ஆற்ற ஒரு செயலை மறுபடி மறுபடி செய்தாக வேண்டும். அந்தப் புத்தகத்தின் பிந்தைய பதிப்புகளின்படி, இந்தச் சுழலில் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போனாலோ, பெரிய துன்பமோ முடக்கமோ வந்தாலோ அது நோய்க் கணக்கில் சேரும். ஒரு மணி நேரம் என்பது அக்காவின் கையில் ஏறக்குறைய இரண்டு குடம். அவள் ஏழில் இருந்தாள்.

ரத்தப் பரிசோதனை இல்லை, ஸ்கேன் இல்லை. மனிதர்கள் கூடி உட்கார்ந்து போட்ட கோடுதான் இது. கோடு தப்பாகவும் விழுந்திருக்கிறது. ஒருபாலீர்ப்பு அதே புத்தகத்தில் நோயாக இருந்தது. 1973 டிசம்பரில் சங்கத்தின் நிர்வாகிகள் அதை நீக்கினார்கள். உறுப்பினர்கள் சிலர் எதிர்த்ததால் 1974இல் வாக்கெடுப்பே நடந்தது: நீக்கியது சரி என்று 5,854 பேர், தவறு என்று 3,810 பேர். வாக்குச்சீட்டில் குணமாகும் நோயை வேறெங்கும் பார்க்க முடியாது. இதைக் காட்டி, மனநோய் என்பதே கட்டுக்கதை என்பவர்கள் உண்டு. தாமஸ் சாஸ் என்ற மனநல மருத்துவரே 1961இல் அப்படித்தான் எழுதினார்: மூளையில் புண் இருந்தால் அது நோய், மற்றதெல்லாம் வாழ்வதில் வரும் சிக்கல்கள் என்று. நல்ல வாதம்தான். ஆனால் அவர் என் அக்காவின் கையைப் பார்த்ததில்லை.

நம் சட்டத்தில் எனக்குப் பிடித்த இடம் அதன் மூன்றாம் பிரிவு. ஒரு சமூகத்தின் ஒழுக்கம், பண்பாடு, அரசியல், மத நம்பிக்கை ஆகியவற்றுக்கு ஒருவர் ஒத்துப்போகவில்லை என்பதற்காக அவரை மனநோயாளி என்று சொல்லக்கூடாது என்கிறது அது. இந்த மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு இது வெறும் சட்டவாசகம் இல்லை. வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொள்வேன் என்று ஒரு பெண் சொன்னால் ‘புத்தி பேதலித்துவிட்டது’ என்று மந்திரிக்கக் கூட்டிப்போகிற ஊர்கள் நமக்கு அந்நியம் அல்ல. அவளை நோயாளி என்போம். அக்காவைச் சுத்தக்காரி என்போம். இரண்டுமே தலைகீழ்.

பெயர் கிடைப்பதற்கு முன்பே எங்களிடம் காரணங்கள் நிறைய இருந்தன. அம்மாவுக்குக் காத்துக் கறுப்பு. அப்பாவுக்குத் திமிர். அத்தைக்கு, காலா காலத்தில் கல்யாணம் ஆகாததன் ஏக்கம். பித்தம் தலைக்கு ஏறிவிட்டது என்று எலுமிச்சம்பழம் தேய்க்கச் சொன்னவர் ஒருவர். தர்மபுரியில் ஒரு தோல் டாக்டர் கையை மட்டும் பார்த்துவிட்டு ஒன்றரை ஆண்டு களிம்பு எழுதிக் கொடுத்தார்; எதற்காக இவ்வளவு கழுவுகிறாய் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. இன்னொருவர் ‘நரம்புத் தளர்ச்சி’ என்று சொல்லி சத்து மாத்திரை கொடுத்தார். நரம்புத் தளர்ச்சி என்பது நம் பக்கத்தில் பெரிய கோணிப்பை. எதை வேண்டுமானாலும் உள்ளே போட்டுக் கட்டிவிடலாம்.

உண்மையைச் சொன்னவர் முனியப்பன் கோயில் பூசாரிதான். ஒரு கறுப்புக் கயிறு மந்திரித்து அக்காவின் மணிக்கட்டில் கட்டினார். கழுவிக் கழுவி அது எட்டே நாளில் நைந்து அறுந்துவிட்டது. மறுபடி போனபோது கயிற்றை வாங்கி விரலால் திரித்துப் பார்த்தவர், “சாமி பிடித்திருந்தால் கயிறு தங்கும் தாயி. இது வேறே. பெங்களூருக்குக் கூட்டிப்போ” என்று அம்மாவிடம் சொன்னார். காணிக்கையும் வாங்கவில்லை.

ஆக, தொடங்கியதிலிருந்து மனநல மருத்துவரைப் பார்க்க ஆறு ஆண்டுகள். இதில் நாங்கள் விதிவிலக்கு இல்லை. பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம் 2015-16இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் எடுத்த தேசிய மனநலக் கணக்கெடுப்பில், பெரியவர்களில் 10.6 விழுக்காட்டினருக்கு அந்த நேரத்தில் ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் எந்தச் சிகிச்சையிலும் இல்லை.

அதே நிம்ஹான்ஸ்தான் எங்களுக்கும். தர்மபுரிக்காரர்களுக்குச் சென்னையைவிடப் பெங்களூர்தான் அக்கம்பக்கம்; கட்டட வேலைக்கும் அதே பஸ், வைத்தியத்துக்கும் அதே பஸ். கிருஷ்ணகிரி, ஓசூர் தாண்டி அதே சாலையில் நேராகப் போனால் மடிவாளாவுக்கு அப்பால் அந்த வளாகம் வந்துவிடும். சித்தப்பா கொத்தனாராகப் பொம்மனஹள்ளியில் இருந்தார். 2012 தொடக்கத்தில், விடியற்காலை பஸ்ஸில், அக்கா கம்பியைத் தொடாமல் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றபடியே ஓசூர்வரை வந்தாள். இடம் காலியாகியும் உட்காரவில்லை.

அங்கே இரண்டு பேர் பார்ப்பார்கள் என்பதே எங்களுக்குப் புதிது. மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேல் படித்தவர். மாத்திரை எழுதுகிறவர் அவர். உளவியலாளர் மாத்திரை எழுத மாட்டார்; கேட்பது, அளப்பது, பயிற்சி கொடுப்பது அவர் வேலை. எங்களுக்கு வாய்த்த உளவியலாளர் ஒரு பெண், தமிழ் தெரிந்தவர். பேசுவதைவிடக் காத்திருப்பதில் கெட்டிக்காரர். பத்துக் கேள்விகள் உள்ள ஒரு தாளை வைத்துக்கொண்டு கேட்டார். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து நான்குவரை மதிப்பெண், மொத்தம் 40. அக்காவுக்கு 29 வந்தது. கடுமை என்ற வரிசை. வாழ்க்கையில் அவள் வாங்கிய மதிப்பெண்களில் இதற்குத்தான் அவள் அழுதாள். இத்தனை நாள் பட்டது எங்கோ ஒரு தாளில் ஏறுகிற விஷயம்தான் என்று தெரிந்த அழுகை.

பிறகு அவர் கேட்டதை நான் மறக்க மாட்டேன். “கழுவாவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தோன்றுகிறது?”

ஆறு ஆண்டுகளில் நாங்கள் யாரும் கேட்டதில்லை. ஏன் கழுவுகிறாய் என்று ஆயிரம் முறை கேட்டிருக்கிறோம். அது கேள்வி இல்லை, திட்டு. அக்கா நெடுநேரம் தரையைப் பார்த்தாள். “இவன் செத்துவிடுவான்” என்றாள். என்னைக் கையால் காட்டவில்லை, தாடையால் காட்டினாள்.

கதை அப்புறம்தான் வெளியே வந்தது. 2005இல் எங்கள் ஆயா வயிற்றுப்போக்கில் செத்துப்போனது. கடைசி மூன்று நாள் பக்கத்தில் இருந்து கஞ்சி ஊற்றியவள் அக்கா. அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. சாவு வீட்டில் ஒப்பாரிக்கு நடுவே யாரோ, “கை கழுவாமல் கஞ்சி கொடுத்திருப்பார்கள்” என்று போகிற போக்கில் சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர் யாரென்றுகூட அவளுக்கு நினைவில்லை. சொல் மட்டும் தங்கிவிட்டது. அம்மா அந்த அறையிலேயே தலையில் அடித்துக்கொண்டார். ஊரே சொன்னதுபோல அவள் தன் சுத்தத்துக்காகக் கழுவவில்லை. எங்களை உயிரோடு வைத்திருக்கக் கழுவினாள்.

உளவியலாளர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நாலாக மடித்துக் கோடு போட்டார். முதல் கட்டத்தில் முன்னமே இருந்த வாகு: அப்பாவின் அத்தை ஒருவர் பூட்டிய கதவை இருபது முறை இழுத்துப் பார்க்கிறவராம், அதையும் கேட்டு எழுதிக்கொண்டார். இரண்டாவதில் தூண்டியது: ஆயாவின் சாவு, அந்தச் சொல். மூன்றாவதில் தொடர வைப்பது. நான்காவதில் காப்பாற்றுவது: அம்மா, தம்பி, எட்டாவதுவரை படிப்பு, தன் எண்ணம் அதிகப்படி என்று அவளுக்கே தெரிந்திருப்பது. உடம்பு, மனம், சூழல் மூன்றையும் சேர்த்துத்தான் நோயை விளக்க வேண்டும் என்று ஜார்ஜ் எங்கல் என்ற மருத்துவர் 1977இல் எழுதியதெல்லாம் நான் பின்னால் படித்தது. அன்றைக்கு எனக்குப் புரிந்தது என் பல்லை வைத்துத்தான்.

எங்கள் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர்களின் பல் காவி படிந்திருக்கும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் பாறையிலிருந்து கரைந்து வரும் ஃபுளோரைடு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது வரம்பு. எங்கள் பம்புகள் பலவும் அதை எப்போதோ தாண்டியவை. ஆனால் நான் ஆறாவது படிக்கும்போது என் ஆசிரியர் என்னை எழுப்பி நிறுத்தி, “பல் துலக்கிவிட்டு வா” என்று வீட்டுக்கு அனுப்பினார். கரியால் தேய்த்து ஈறு கிழிந்து திரும்பிப் போனேன். கறை அப்படியே இருந்தது. மண்ணுக்குள் இருந்த காரணத்தை என் சோம்பலில் தேடிய ஆசிரியரும், அக்காவிடம் திமிரைத் தேடிய அப்பாவும் ஒரே பள்ளிக்கூடம். ஒரே பம்புத் தண்ணீர் குடித்த என் தங்கைக்குக் கறை அவ்வளவு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே சொல்லை அன்று சாவு வீட்டில் கேட்ட மற்றப் பெண்கள் யாரும் கைகளைத் தோலுரித்துக்கொள்ளவில்லை.

உவமை இங்கே நின்றுவிடுகிறது. பல் உருவாகும் வயதில் ஏறிய கறை, நல்ல தண்ணீர் வந்தாலும் போகாது. மனத்தின் விஷயத்தில் அந்த மூன்றாவது கட்டம் இருக்கிறது. தொடங்கி வைத்ததை மாற்ற முடியாது. ஆயாவை எழுப்ப முடியாது. தொடர வைப்பதை மாற்றலாம்.

தொடர வைப்பது எது என்று உளவியலாளர் விளக்கியபோது எனக்கு வெட்கமாகிவிட்டது. பாவ்லோவின் நாயைப் பரீட்சைக்கு உருப்போட்டவன் நான். சோற்றோடு சேர்த்துக் கேட்டுப் பழகிய மணியை அடித்தால் அதற்கு எச்சில் ஊறும் என்பதைத் தாண்டி யோசித்ததில்லை. பயம் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்வது முதல் பாதி: கை, கஞ்சி, சாவு. 1947இல் மவ்ரர் என்ற உளவியலாளர் அதோடு இரண்டாம் பாதியைச் சேர்த்தார். பயம் வந்ததும் ஒன்றைச் செய்கிறோம், பயம் இறங்குகிறது. அந்த இறக்கமே கூலி. கூலி கிடைக்கும் வேலையை யாரும் விட மாட்டார்கள். கழுவினாள், நெஞ்சு ஆறியது; ஆகவே அடுத்த முறையும் கழுவினாள். கழுவாமல் இருந்தாலும் நான் சாக மாட்டேன் என்று தெரிந்துகொள்ள அவளுக்கு ஒரு வாய்ப்பே அமையவில்லை.

மருத்துவர் ஃபுளுவாக்ஸெட்டின் என்ற மாத்திரை எழுதினார். இந்த நோய்க்கு அளவு கூடுதலாக வேண்டும், பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும் என்று முன்கூட்டியே சொன்னார். நல்ல வேளை சொன்னார். இல்லையென்றால் பத்தாவது நாளே அம்மா அதைக் கிணற்றில் போட்டிருப்பார். முதல் இரண்டு வாரம் குமட்டல். தூக்க மாத்திரை என்ற சந்தேகத்தில் அம்மா தினமும் அட்டையை எண்ணிப் பார்த்தார்.

பயிற்சிதான் எங்களுக்கு அதிசயமாக இருந்தது. 1966இல் லண்டனில் விக்டர் மேயர் என்பவர் இரண்டே நோயாளிகளை வைத்துத் தொடங்கியது அது. பயப்படுவதைத் தொட வைப்பது, பிறகு கழுவ விடாமல் கூடவே இருப்பது. கழுவும் நோயாளியின் அறையில் குழாயையே மூடிவிட்டார்களாம். இதைப் படித்தபோது சிரித்துவிட்டேன். எங்கள் ஊரில் குழாய் பிறந்ததிலிருந்தே மூடித்தானே இருந்தது! அம்மா எத்தனையோ நாள் குடத்தை ஒளித்து வைத்திருக்கிறார். அப்பா ஒருமுறை அடியும் கொடுத்தார். ஏன் குணமாகவில்லை? தண்ணீர் கிடைக்காத நாட்களில் அக்கா சமையலறைப் பக்கம் வர மாட்டாள், மண்ணால் தேய்ப்பாள், வேப்பிலையால் தேய்ப்பாள், ஒன்றும் இல்லாவிட்டால் மனதுக்குள் சாமி பெயரை ஏழு ஏழாக எண்ணுவாள். கூலியை வேறு வழியில் வாங்கிக்கொண்டாள். அம்மா ஒளித்தது வெறும் தண்ணீர்ப் பஞ்சம். பயிற்சியில் அவளே சம்மதித்து, அவளே படி வகுத்து, எந்தக் குறுக்கு வழியிலும் இறங்காமல், பயம் தானாக இறங்கும்வரை உட்கார வேண்டும். கூட ஒருவர் இருக்க வேண்டும், பரிதாபப்படாமல்.

படிகளை, ஒவ்வொன்றிலும் எவ்வளவு பயம் என்ற மதிப்பெண்ணோடு, அக்காதான் எழுதினாள். குடத்தின் வெளிப்பக்கம் தொடுவது: 100க்கு 20. பஸ் கம்பி: 45. பஸ் நிலையக் கழிப்பறைத் தாழ்ப்பாள்: 80. கழுவாத கையால் செய்ததை எனக்குக் கொடுப்பது: 100. முதல் நாள் உளவியலாளரே தாழ்வாரத் தரையில் உள்ளங்கையை அழுத்தி, அதே கையால் தன் தலைமுடியைக் கோதிக்கொண்டார். பிறகு, “இப்போது நீங்கள்” என்றார். சித்தப்பா வீட்டில் ஆறு வாரம் தங்கி வாரத்துக்கு இரண்டு தடவை போய்வந்தாள். பிறகு ஊரில் என்னை வைத்துப் பயிற்சி.

நூறு போட்ட படிக்கு முதலில் களி என்றுதான் முடிவு. அக்காவே வேண்டாம் என்றாள். களி உருண்டை பிடிக்கக் கையைத் தண்ணீரில் நனைக்க வேண்டும். “அது கழுவினதாகிவிடும், ஏமாற்று வேலை” என்றாள். நோய் தன் ஓட்டைகளைத் தானே காட்டிக்கொடுத்த நாள் அது. கடலை உருண்டை என்று மாற்றினோம். மாட்டுக் கொட்டகைத் தூணை இரண்டு கையாலும் பிடித்துவிட்டு வந்து, வறுத்த நிலக்கடலையையும் வெல்லத்தையும் உரலில் இடித்து, அப்படியே பிடித்தாள். அதில் ஒரு வைக்கோல் துணுக்கு ஒட்டியிருந்தது. அவளும் பார்த்தாள், நானும் பார்த்தேன். எடுக்காமல் வாயில் போட்டேன். அவள் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று தன் பயத்தை நேரம் போட்டு அவள் குறித்த நோட்டுப் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. 6.10க்கு 90. 6.20க்கு 95. அங்கே பேனா அழுந்தித் தாள் கிழிந்திருக்கிறது. 6.40க்கு 85. 7.10க்கு 60. எட்டு மணிக்கு 45. இரவு இரண்டு முறை எழுந்து வந்து என் மூக்கருகே விரல் வைத்து மூச்சுப் பார்த்தாள். நான் தூங்குவதுபோல் கிடந்தேன். மறுநாள் மறுபடி கடலை உருண்டை. ஒன்பது நாள் தொடர்ந்து தின்றதில் எனக்கு இன்றைக்கும் அது பிடிப்பதில்லை.

இது எல்லோருக்கும் பலிக்காது. நடுவிலேயே விட்டுப் போகிறவர்கள் உண்டு, மாத்திரையே போதும் என்பவர்களும் உண்டு. ஆனால் 1992இல் லூயிஸ் பாக்ஸ்டர் என்பவரும் அவர் குழுவினரும் மூளைப் படம் எடுத்துப் பார்த்தபோது, மாத்திரையால் தேறியவர்களிடமும் பயிற்சியால் தேறியவர்களிடமும் மூளையின் ஒரே பகுதியில் செயல்பாடு தணிந்திருந்தது. மனசா மூளையா என்று இரண்டு கட்சி கட்டுகிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன். சொன்னாலும் கேட்க மாட்டார்கள், அது வேறு.

எனக்குக் கொடுத்த வேலை இதையெல்லாம்விடக் கடினம். கழுவிவிட்டு வந்து அக்கா கேட்பாள்: “சுத்தமாக இருக்கிறதா, பார்.” நான் பார்த்துவிட்டு, “சுத்தமாக இருக்கிறது அக்கா” என்பேன். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது முறை. அன்பாக இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் கூலிதான் என்றார் உளவியலாளர். நான் சுமந்த ஏழு குடமும் கூலி. நோய் இருக்கும் வீட்டில் எல்லோரும் அதற்கு வேலைக்காரர்கள் ஆகிவிடுகிறார்கள். நான் சைக்கிள் வைத்திருந்த வேலைக்காரன். இனிமேல் அவள் கேட்டால், “தெரியாது” என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். முதல் முறை சொன்னபோது, “நீயுமா?” என்பதுபோல் பார்த்தாள். கொல்லைப்பக்கம் போய் அழுதுவிட்டு வந்தேன்.

2013இல் ஜப்பான் கடனுதவியில் கட்டிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கப்பட்டது. பிறகு எங்கள் தெருவுக்கும் குழாய் வந்தது. அதே ஆண்டு அந்த அமெரிக்கப் புத்தகத்தின் ஐந்தாம் பதிப்பு வந்தது. அதுவரை பதற்ற நோய்களோடு குடியிருந்த எண்ணச் சுழற்சி நோய்க்கு அதில் தனி அத்தியாயம் கொடுத்துவிட்டார்கள். அக்காவிடம் சொன்னேன். “அதற்கும் சொந்த வீடா?” என்றாள்.

பாலக்கோட்டுப் பக்கம் அவளைக் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அத்தானுக்குத் தக்காளி வியாபாரம். பெண் பார்க்க வந்த அன்றே மாத்திரை அட்டையைக் காட்டிவிட்டுத்தான் காபி கொடுத்தாள். இரண்டு வரன்கள் காபியோடு போய்விட்டன, மூன்றாமவர் அத்தான். மாத்திரையை மெல்லக் குறைத்து நிறுத்தினார்கள். இரண்டாவது பிரசவத்துக்குப் பின் நோய் மறுபடி தலைகாட்டியது. இந்த முறை ஆறு ஆண்டு ஆகவில்லை, ஆறு வாரத்தில் போனோம். என் பள்ளியில் சுவரில் 14416 என்று, அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண்ணைப் பெரிதாக எழுதிப் போட்டிருக்கிறேன். கூப்பிட்டால் தமிழில் பேசலாம்.

போன மாசியில் ஒரு நாள் இரவு பத்து மணிக்குப் போன் செய்தாள். சின்னவனுக்குக் காய்ச்சல், வாந்தி. மருந்து கொடுத்துத் தூங்க வைத்தாகிவிட்டது. “சாயங்காலம் கை கழுவாமல்தான் பால் கலந்தேன். அதனாலா?” என்றாள்.

“தெரியாது அக்கா.”

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. மின்விசிறி சுற்றுவது மட்டும் கேட்டது. நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு நிமிடம் இருக்கும், இரண்டு நிமிடம் இருக்கும்.

“நாசமாய்ப் போகிறவனே” என்றாள். பிறகு, “சரி, அங்கே புளி என்ன விலை போகிறது?”